வாசகர் கேள்வி பதில்: ரத்தத்தில் டோபமின் பார்க்க மீட்டர் உண்டா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, பார்க்கின்சன் நோய். காலை மாத்திரை போட்டதும் நன்றாக நடக்கிறார், மதியத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. சர்க்கரைக்கு விரலில் குத்திப் பார்ப்பதுபோல இந்த நோயில் மூளையில் குறையும் டோபமின் என்ற வேதிப்பொருளையும் வீட்டிலேயே பார்க்க முடியாதா? (வாசகி, ஈசூன்)

பதில்: முடியாது அம்மா. இணையத்தில் யாராவது அப்படி ஒன்றை விற்றால் தயவுசெய்து காசைக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை மீட்டரும் மின்வேதியியல் உணரிதான், அதாவது வேதிப்பொருளின் அளவை மின்னோட்டமாகப் படிக்கும் கருவி, 1962இல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் சொன்ன யோசனையிலிருந்து வளர்ந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் அது வேலை செய்யக் காரணம், சர்க்கரை அங்கே லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில் தாராளமாக இருப்பதுதான். டோபமின் பொதுவாக ஒரு நானோமோல்கூட இருக்காது, அதாவது சர்க்கரையில் 50 லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சரி, எப்படியோ அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அந்த எண் அப்பாவுக்கு உதவாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை டோபமின் தாண்டுவதில்லை, அதனால்தான் தாண்டிப்போய் மூளைக்குள் டோபமினாக மாறும் லெவோடோபாவை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் ஓடும் டோபமின் உடம்பின் மற்ற இடங்களில் உண்டானது, மூளையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு நம்பிக்கை இருப்பது லெவோடோபாவை அளப்பதில். மாத்திரை போட்டபின் அது ரத்தத்தில் மைக்ரோமோல் கணக்கில் ஏறும், டோபமினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. தோலில் ஒட்டும் நுண்ணூசி உணரி, வியர்வை உணரி என்று ஆய்வுக்கூடங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். அதுவரை மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், நடுக்கம் தொடங்கும் நேரம் மூன்றையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கறி, மீன், பருப்பு போன்ற புரத உணவு மாத்திரையோடு சேர்ந்து போனால் மருந்து உடம்பில் சேர்வது குறையும், அதையும் கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டிவிட வேண்டாம்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணிக்குக் கார்பன் மின்முனையில் டோபமின் அளக்கிறேன். உப்புக் கரைசலில் அழகாக வருகிறது, ரத்த சீரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே தவறு? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

பதில்: உங்கள் கையில் தவறில்லை தம்பி, ரத்தமே அப்படித்தான். டோபமின் இரண்டு எலக்ட்ரான்களை விடும் மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே வைட்டமின் சியும் யூரிக் அமிலமும் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன, அதுவும் டோபமினைவிடப் பல்லாயிரம் மடங்குக்கும் மேல் குவிந்திருந்துகொண்டு. வரைபடத்தில் மூன்றின் முகடும் ஒன்றாகிவிடும். 1970களில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆடம்ஸ் குழு எலியின் மூளையில் கார்பன் மின்முனையை வைத்தபோது முதலில் வந்த சமிக்ஞையில் பெரும்பகுதி வைட்டமின் சி என்று பிறகு தெரிந்தது, அதனால் மனம் தளராதீர்கள். மின்முனைமேல் நேஃபியான் என்ற பாலிமரைப் பூசிப் பாருங்கள். உடம்பின் அமிலநிலையில் டோபமினுக்கு நேர்மின்னூட்டம், மற்ற இரண்டுக்கும் எதிர்மின்னூட்டம், நேஃபியானும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அந்த இரண்டையும் தள்ளிவிடும்.

அப்புறம் புரதங்கள் மின்முனையில் ஒட்டும், ஆக்சிஜனேற்றம் அடைந்த டோபமினும் கருமையான படலமாகப் படிந்து அதை மந்தமாக்கும். போதாததற்கு ரத்த டோபமினில் பெரும்பகுதி சல்ஃபேட்டோடு பிணைந்திருப்பதால் இந்த மின்னழுத்தத்தில் சமிக்ஞை தராது. சீரத்தைப் பலமடங்கு நீர்க்கச் செய்து, மைக்ரோமோல் கணக்கில் டோபமினைக் கலந்துவிட்டு 'ரத்தத்தில் கண்டுபிடித்தோம்' என்று எழுதும் கட்டுரைகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. உங்கள் அறிக்கையில் எவ்வளவு நீர்க்கச் செய்தீர்கள், எவ்வளவு கலந்தீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள், மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மகள் சில வாரங்களாகச் சோர்ந்தே இருக்கிறாள். மனநிலையோடு தொடர்புடையது என்கிற செரோடோனின் என்ற வேதிப்பொருளை ரத்தத்தில் பார்த்தால் மனச்சோர்வா என்று தெரியுமா? (வாசகர், சுவா சூ காங்)

பதில்: தெரியாது. உடம்பின் செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில் உண்டாவது, ரத்தத்தில் அது தட்டணுக்களுக்குள் இருக்கும், மூளைக்குள் போகாது. அந்தப் பரிசோதனை பெரும்பாலும் சிலவகைக் குடல் கட்டிகளுக்காகச் செய்வது. மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள், இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.