மாமா சொன்னதைக் கேட்டு பவர் பேங்கைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்

பாலக்கோட்டில் இருந்து பெங்களூரு வந்து எமிரேட்ஸில் துபாய் போகிறீர்கள், 30,000 எம்ஏஎச் பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கச் சொல்கிறார் மாமா, சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

ஆனால் உங்களுடையது கைப்பையிலும் போகாது. 30,000ஐ உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 111 வாட்-மணி (Wh, பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு), எமிரேட்ஸோ 2025 அக்டோபரில் இருந்து 100க்கு உட்பட்ட ஒன்றே ஒன்றைத்தான் விடுகிறது, அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. 20,000 என்றால் 74தான், அளவு மேலே தெளிவாக அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் (சின்ன மின்கலங்களில்) ஒன்று சூடேறி வெடித்தால் பக்கத்து செல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், பெட்டிகள் போகிற சரக்கு அறையில் அடிக்கிற ஹாலான் என்ற தீயணைப்பு வாயு சுவாலையை அடக்குமே தவிர செல்லுக்குள் நடக்கிற வேதிவினையை நிறுத்தாது; மேலே கேபினில் என்றால் ஊழியர்கள் உடனே பார்த்து தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். போயிங் 787இன் சொந்த பேட்டரியே இப்படிப் புகைந்துதான் 2013 ஜனவரியில் அந்த ரகம் முழுவதையும் தரையில் நிறுத்தினார்கள். அப்புறம் பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, புகை வெளியே போகக் குழாய் வைத்த பிறகே பறக்க விட்டார்கள்.

அப்புறம் நீங்கள் சொன்ன, பேட்டரி வீங்கி முதுகு உப்பிய பழைய போன்: எந்தப் பையிலும் வேண்டாம். சார்ஜ் போடாமல், அமுக்கிப் பார்க்காமல், தர்மபுரியில் நல்ல கடையாகப் பார்த்து பேட்டரியை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.