பாஜா (உரம்) மேல பாஜா போட்டும் மிளகாய் காய்க்கலயா?

மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்குப் பின்னால செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம், நடுவுல வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் பதினஞ்சு போலிபேக்ல மிளகாய். ஜூன் மாசம் காய்ச்சுத் தள்ளுச்சாம், தீபாவளி முடிஞ்சு புதுசா வச்சது நெட்டையா போகுதாம், பூ வந்தாலும் கொட்டிடுதாம். ஆட்டுப் புழுக்கை போட்டாச்சு, என்.பி.கே பச்சை (தழை, மணி, சாம்பல் சத்து கலந்த பச்சை நிற பாஜா) போட்டாச்சு, இன்னும் என்ன பாஜா போடட்டும் தம்பினு கேக்கறாங்க.

ஒன்னும் போடாதீங்கக்கா, முதல்ல அதை நிறுத்துங்க. பாஜா செடிக்கு சாப்பாடுனு நாம எல்லாரும் சொல்லிப் பழகிட்டோம், ஆனா அது சமையல்ல உப்பு மாதிரிதான், சோறு வெயில்லருந்து வருது. ஹெல்மொண்ட்னு பிரஸ்ஸல்ஸ் பக்கத்து ஆள் ஒருத்தர், 200 பவுண்ட் காஞ்ச மண்ணை ஒரு தொட்டில போட்டு 5 பவுண்ட் மரக்கன்னை நட்டு அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்திருக்காரு, மரம் 169 பவுண்ட் ஆயிருச்சு, மண்ணை மறுபடி காயவச்சு நிறுத்துப் பாத்தா குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ். அவர் செத்த பிறகு 1648ல இது புத்தகமா வந்துச்சு. எல்லாம் தண்ணிலருந்து வந்ததுனு அவர் நினைச்சது பாதி தப்பு, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடையும் தண்ணியையும் சேத்து இலை சர்க்கரையா மாத்துது, அந்த வேலைக்கு வேண்டிய சக்தி வெயில்தான்.

அந்த வெயில் சூரியன்ல கிளம்பி நம்மகிட்ட வர 8 நிமிஷம் 20 வினாடி ஆகுது, அதுலயும் பூமிக்கு வர்றதுல 30 சதவீதம் மேகம் அது இதுனு பட்டு அப்படியே திரும்பிப் போயிடும். மேகமில்லாத மத்தியானம் ஒரு சதுர மீட்டர்ல கிட்டத்தட்ட 1000 வாட் விழுது, ஒரு இஸ்திரிப் பெட்டிய விடாம ஆன் பண்ணி வச்ச மாதிரி. இதுல செடி பிடிச்சு வைக்கிறது 1, 2 சதவீதம்தான், சின்ன எல்இடி பல்பு எரியற அளவு, அவ்ளோதான் லா. அதுலயும் ராத்திரி மூச்சு விடவே கொஞ்சம் செலவாயிடும். பகல் சம்பளம் குறைஞ்சா செடி முதல்ல கைவிடறது பூவையும் காயையும்தான்.

புழுக்கையில சக்தி இல்லையானு கேப்பீங்க. இருக்கு, ஆனா செடிக்கு இல்ல. ஆடு தின்ன புல்லுல இருந்த வெயில்ல ஒரு பெரிய பங்கு ஆட்டோட உடம்புச் சூடாவே போயிடும், உடம்புல தங்கறது பத்துல ஒரு பங்கு இருந்தாலே பெருசு, புழுக்கையில மிஞ்சினதைக் கிருமியும் புழுவும் தின்னுடும். புதுப் புழுக்கையை இலையோட சேத்து ஈரமா குவிச்சு வச்சு, நாலு நாள் கழிச்சு உள்ள கைய விட்டுப் பாருங்க, சுடும். அது பழைய வெயிலோட சூடு, அங்கருந்து வானத்துக்குப் போயிடும், திரும்பி வராது. தழைச்சத்து மணிச்சத்து மட்டும்தான் மண்ணுக்கும் செடிக்கும் சுத்திச் சுத்தி வரும்.

இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். வாசல் தெற்கு பாத்ததுனு எழுதிருக்கீங்க, அப்ப கொல்லைப்பக்கம் வடக்கு. நம்ம ஊர்ல ஏப்ரல் ஆரம்பத்துலருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் சாஞ்சிருக்கும், கொல்லை பளபளனு இருக்கும். மார்கழில தெற்கே 28 டிகிரி போயிடும், 4 மீட்டர் உயரச் சுவர்னா உச்சி வேளைலயே 2 மீட்டருக்கு நிழல் விழும், உங்க பதினஞ்சு பேக்கும் சுவர் ஓரமாத்தான் நிக்குது. காலை வெயிலும் தெற்குப் பக்கமா சாஞ்சு வர்றதால வீடே அதை மறைச்சுடும், அது போக இது மழை மாசம் வேற.

செடி நீளறதும் இதனாலதான். மேல இருக்கற இலை சிவப்பு வெளிச்சத்தைத் தின்னுட்டு கண்ணுக்குத் தெரியாத கடைசிச் சிவப்பைக் கீழ விடும், அதை வச்சு செடி 'ஆஹா நம்ம மேல யாரோ நிக்கறாங்க'னு தெரிஞ்சுக்கிட்டு கழுத்தை நீட்டும். நான் செம்பனை நர்சரில இருந்தப்ப கன்னுங்களை முக்கோணமா 90 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வைப்போம், நடறதுக்கு லேட்டாகி இலையோட இலை முட்டினா போதும், எல்லாம் ஒட்டகம் மாதிரி ஆயிடும், எந்த பாஜாவாலயும் அதைக் குட்டையாக்க முடியாது. பச்சை பாஜால தழைச்சத்து தாராளம், நிழல்ல போட்டா இலையும் தண்டும்தான் இன்னும் கொழுக்கும்.

நாளைக்குக் காலைல 8, 10, 12, 2, 4 மணிக்கு பேக் பக்கத்துல கைய நீட்டிப் பாருங்க, விரல் விரலா நிழல் தெளிவா விழுந்தா நேர் வெயில், மங்கலா இருந்தா கணக்குல சேக்காதீங்க. ஆறு மணி நேரமாவது தேறணும். தேறலைனா பேக்கை வாசப்பக்கம் தூக்கிட்டுப் போங்க, ஒரே நாள்ல முழு வெயில்ல வைக்காம ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க, இல்லாட்டி இலை வெந்துடும். புதுக்கிளை கட்டையா வந்த பிறகு பூ, காய்க்குப் போடற நீல என்.பி.கே பாஜா ஒரு ஸ்பூன் போதும். ரொம்ப நெட்டையா போனதை நுனி கிள்ளி விட்டுடுங்க. போட்டோல வேலி தாண்டி ரெண்டு செம்பனை மட்டை தொங்குது, நீங்களா பாராங் கத்தி எடுத்து வெட்டாதீங்க, குலை வெட்ட வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா இறக்கிக் குடுத்துடுவாங்க.