அப்பா ஊருக்குப் போயிருப்பதாக ஆறு வயது அக்கா மகளிடம் சொல்லிவிட்டோம். அவர் இறந்ததை எப்போது சொல்வது?

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாலை போட்ட படத்தையோ தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையோ பார்த்து அவளே தெரிந்துகொண்டால், அப்பாவோடு உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். ஆறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதைப் பெரியவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நான் மனநல மருத்துவன் அல்லன். தண்டையார்பேட்டையில் என் தங்கை கணவர் மாரடைப்பால் இறந்தபோது தாய்மாமனாகக் கூட இருந்தவன், அவ்வளவுதான். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, அப்பாவுக்குக் குளுராதா?" என்றாள் தங்கை மகள். பக்கத்து வீட்டு ஆயா, "அப்பா தூங்குறாரும்மா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்பா செத்துப்போயிட்டாரும்மா. உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே குளுராது, வலிக்காது, பசிக்காது, எழுந்திருக்கவும் மாட்டாரு." சுற்றியிருந்தவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரனாகப் பார்த்தார்கள். தூங்குகிறவரைத்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள் என்று நம்பும் குழந்தை அன்றிரவு எப்படிக் கண்ணை மூடும் என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்த வயதில், செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது ஒரே தடவையில் பிடிபடாது. அதே கேள்வியை அவள் மறுபடியும் மறுபடியும் கேட்பாள், நீங்களும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்ல வேண்டும். சற்று நேரம் அழுதுவிட்டு விளையாடப் போனால், துக்கம் இல்லை என்று பொருளல்ல. சில வாரம் கழித்து எங்கள் பெண், "நான் புரோட்டா கேட்டதாலதானே அப்பா அன்னிக்கு வெளிய போனாரு?" என்றாள். தன்னால்தான் நடந்தது என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், உன்னால் இல்லை என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காரியத்தன்று, தங்கையின் வளையலை உடைத்துப் பொட்டை அழிக்கும் சாங்கியத்தைக் குழந்தையின் கண்ணெதிரே செய்யக் கூடாது என்று நின்றேன்; பெரியவர்கள் சிலர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனார்கள். சம்பிரதாயத்தை இழிவுபடுத்துகிறேன் என்று இங்கேயும் யாராவது எழுதக்கூடும். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அம்மாவையும் அடையாளம் தெரியாமல் ஆக்கிக் காட்டுவதில் என்ன புண்ணியம் என்பதையும் அவர்களே சேர்த்து எழுதட்டும்.

வகுப்பாசிரியரை நேரில் பார்த்துச் சொல்லிவையுங்கள். அப்பா கையெழுத்து வாங்கி வா என்று எங்கள் பெண்ணின் டைரியில் எழுதியனுப்பியவர்கள் உண்டு. படுக்கையை நனைப்பது, அம்மாவை விட்டு நகர மறுப்பது போன்றவை வாரக்கணக்கில் குறையாவிட்டால், 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் அக்காவும் பேசலாம். பதினாறு முடிந்ததும் உறவுக் கூட்டம் கலைந்துவிடும். வாரிசுச் சான்றிதழுக்காக அக்கா தாலுகா அலுவலகத்துக்கு அலையும் நாட்களில், பள்ளி விட்டதும் அவளை யார் அழைத்துவருவது என்று இப்போதே முடிவுசெய்து, அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.