பூட்டானில் வேலைக்குப் போகிறேன். விடுப்பை எப்படித் திட்டமிடுவது?

முதலில் தேதி மாறாத நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மன்னர் பிறந்தநாளுக்குப் பிப்ரவரி 21 முதல் 23 வரை மூன்று நாள் விடுமுறை. 2027-ல் 21 ஞாயிற்றுக்கிழமை. சனி, ஞாயிறு விடுமுறை உள்ள வேலை என்றால் 24, 25, 26 மட்டும் விடுப்பு எடுங்கள், சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் கிடைக்கும். ஊருக்கு வந்துபோக இதைவிட நல்ல சமயம் அமைவது கடினம். டிசம்பர் 17 தேசிய தினம்.

லோசார் புத்தாண்டு சந்திர நாட்காட்டிப்படி வருவது, ஆண்டுதோறும் தேதி நகரும். அதனால் அந்த ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்க்காமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

அப்புறம், இலையுதிர்காலத்தில் வரும் திம்பு செச்சு விழா விடுமுறை திம்புவுக்கு மட்டும்தான். அந்த நாட்களில் ஊருக்குக் கிளம்பாதீர்கள். முகமூடி நடனத்தை அங்கேயே இருந்து பாருங்கள்.