வாட்ஸ்அப் ஏஜென்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்

கேள்வி: நவம்பர் கடைசியில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பேரனுக்கு ஆர்சனல் கால்பந்து ஆட்டம் ஒன்றைக் காட்ட ஆசை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆளுக்கு 240 பவுண்ட் கேட்கிறார், பாதி முன்பணம். 1989இல் அங்கே படித்த என் தம்பி 5 பவுண்டுக்குப் பார்த்ததாகச் சொல்கிறான். 30 பவுண்டுக்கு மேல் விற்கக் கூடாது என்றும் எங்கோ படித்தேன். ஏமாற்றுகிறார்களா? - வாசகர், மதுரை

பதில்: முன்பணத்தை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் மீதியை அனுப்பாதீர்கள்.

உங்கள் தம்பி சொல்வது சரிதான். 1989-90 சீசனில் ஆர்சனலின் மலிவான டிக்கெட் 5 பவுண்ட், லிவர்பூலில் 4, மான்செஸ்டர் யுனைடெட்டில் மூன்றரை. விலைவாசி ஏறியதைக் கணக்கில் எடுத்தால் அந்த 5 பவுண்ட் இன்று 15 பவுண்டைச் சுற்றி நிற்க வேண்டும். அந்த விலைக்கு ஆர்சனல் வாசலில் எதுவும் கிடைக்காது.

காரணம் கேட்டால் எல்லோரும் ஹில்ஸ்பரோவைச் சொல்வார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று அந்த மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் மாடங்களை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னார். மைதானம் கொள்ளும் ஆட்கள் குறைந்தார்கள், செலவு கூடியது, விலை ஏறியது. இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே அறிக்கையில் அவர், நிற்பவர்களின் வருமானத்துக்கு இருக்கை விலை எட்டாமல் போகக் கூடாது என்றும் எழுதினார். கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்ட், உட்கார 6 பவுண்ட் என்று எடுத்துக்காட்டும் தந்தார். கிளப்புகள் இருக்கை போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு விலை பற்றிய பகுதியை வசதியாக மறந்துவிட்டன.

டிவி பணம் கொட்டினால் டிக்கெட் மலிவாகும் என்று நாம் நினைப்போம். 1992இல் இங்கிலாந்தின் முதல் பிரிவுத் தொடராகப் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஒளிபரப்பு ஒப்பந்தம் ஐந்து சீசனுக்கு 304 மில்லியன் பவுண்ட் என்று சொன்னார்கள். இப்போது நடப்பது, உள்நாட்டுக்கு மட்டுமே, நான்கு சீசனுக்கு 6.7 பில்லியன். அப்படியும் 2024 நவம்பர் கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட், சீசன் பாதியில், விற்காமல் இருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்ட் ஆக்கியது. குழந்தைக்கும் அதே விலை, ஓய்வூதியருக்கும் அதே விலை. அந்தக் கிளப்பின் செலவில் அந்த வருமானம் எத்தனை நாளுக்குக் காணும்! 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்ட் டிக்கெட் கொண்டுவரப் பார்த்தபோது, ரசிகர்கள் ஆட்டத்தின் 77ஆவது நிமிடம் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். சில நாளில் கிளப் பின்வாங்கியது. அந்த ஒரு மொழிதான் இவர்களுக்குப் புரிகிறது.

சரி, அந்த 30 பவுண்ட். இதைக் கேட்டுப் பலரும் எழுதுகிறார்கள். அது சட்டம் இல்லை. 2016-17 முதல் பிரீமியர் லீக் கிளப்புகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு. அதுவும் வெளியூரிலிருந்து வரும் அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்கும் பகுதிக்கு மட்டும். ஆர்சனல் தன் மைதானத்தில் ஆடும்போது அந்த டிக்கெட்டை எதிரணிக் கிளப் தன் உறுப்பினர்களுக்கு விற்கும். ஆர்சனல் வெளியூர் போனால் ஆர்சனல் தன் ஆட்களுக்கு விற்கும். இரண்டிலும் பல வருடம் விடாமல் போய்ப் புள்ளி சேர்த்தவர்களுக்குத்தான் முதலிடம். இந்த வருடம் சேர்ந்தவருக்கு வாய்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது 30 பவுண்ட் டிக்கெட் தருகிறேன் என்று வந்தால், அது வேறொருவரின் பெயரில் இருக்கும் டிக்கெட். அதோடு, ஆர்சனல் சட்டை போட்ட உங்கள் பேரன் எதிரணி ரசிகர்கள் நடுவில் உட்கார வேண்டியிருக்கும். வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்த 30 பவுண்டை மறந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் நபர். இங்கிலாந்தில் கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம். சினிமா டிக்கெட்டையோ கச்சேரி டிக்கெட்டையோ பிளாக்கில் விற்பது போல இதை நினைக்க வேண்டாம், கால்பந்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வாங்குவது அந்தச் சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் டிக்கெட் ரத்தானால் பணம் போனது போனதுதான். இந்த ஆட்கள் பல பெயர்களில் மெம்பர்ஷிப் எடுத்து வைத்துக்கொண்டு டிஜிட்டல் பாஸை உங்கள் போனுக்கு அனுப்புவார்கள். சிலர் ஸ்டேடியம் வாசலில் ஒரு போனையே கையில் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கிளப் கண்டுபிடித்தால் கேட்டிலேயே சிவப்பு விளக்கு எரியும். இன்னும் சிலர் கையில் டிக்கெட்டே இல்லாமல் முதலில் விற்றுவிட்டு அப்புறம் தேடுவார்கள். வெளிநாட்டில் பதிவு செய்த பெரிய வெப்சைட்டுகளும் இதையேதான் செய்கின்றன. சட்டம் முப்பது வருடமாக இருந்தும் இவை வெளிப்படையாகவே விற்கின்றன. கிளப்புகள் கையைப் பிசைகின்றன, அரசு பார்த்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஆர்சனல் வெப்சைட்டில் உங்களுக்கும் பேரனுக்கும் தனித்தனி மெம்பர்ஷிப் எடுங்கள், இன்றே. டிக்கெட் குலுக்கலில் பெயர் கொடுங்கள். விழவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் வர முடியாதபோது கிளப்பின் சொந்த மறுவிற்பனைப் பக்கத்தில் இருக்கையை விடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பாருங்கள். அங்கே ஏஜென்ட் லாபம் கிடையாது. டோட்டன்ஹாம், லிவர்பூல் மாதிரி அணிகள் வரும் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிறிய அணி வரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் விலையும் குறையும், வாய்ப்பும் கூடும்.

எதுவும் அமையாவிட்டால் ஆர்சனல் பெண்கள் அணி, ஆண்கள் அணி ஆடும் அதே எமிரேட்ஸ் ஸ்டேடியத்தில் ஆடும் ஆட்டத்துக்குப் போங்கள். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், விலையும் பல மடங்கு குறைவு. சிறுவனுக்கு ஸ்டேடியம் ஒன்றுதான். லேட்டன் ஓரியன்ட் மாதிரிக் கீழ்ப்பிரிவு அணிகளும் லண்டனுக்குள்ளேயே இருக்கின்றன, அங்கே மைதானத்துக்கு இன்னும் பக்கத்தில் உட்காரலாம்.

விமான டிக்கெட்டை ஆட்டத் தேதியை நம்பிப் போடாதீர்கள். அட்டவணையில் சனி மாலை 3 மணி என்று இருக்கும். டிவிக்காரர்கள் சில வாரங்களுக்கு முன்புதான் அதை ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ தள்ளுவார்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் விட்டு வையுங்கள்.