எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, கிளப்பில் சேரலாமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் கிராணியாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லைன் வீட்டில். மகன் பாலிடெக்னிக் போய்விட்டான், மகள் படிவம் 4. சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. கூட வேலை செய்யும் சீனத் தோழி லயன்ஸ் என்ற சேவை கிளப்பில் இருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வா என்று கூப்பிடுகிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் கடை முதலாளி, குத்தகைக்காரர். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்குமாம். சந்தா வேறு. என் கணவர், “கோயில் வேலையே தலைக்கு மேல இருக்கு, படம் பிடிச்சுப் போட இன்னொரு கூட்டமா?” என்கிறார். நான் போய் அங்கே என்ன செய்வேன்?

அன்புத் தங்கைக்கு,

போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கணவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஒரு சேவை கிளப் கண் பரிசோதனை நடத்தியது. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன். முதல் பெஞ்சில் உட்கார்ந்தும், மோவாய் நோட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துதான் எழுதுவான். சோதித்தார்கள், பவர் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பேனர் பிடித்துப் படம் எடுத்தார்கள், பிள்ளைகளுக்கு மீ கோரேங் பொட்டலம் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தேன். அந்தச் சீட்டைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். “கண்ணாடி எப்பம்மா வரும்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

விசாரித்துப் பார்த்தேன். யாரும் காசைத் தின்னவில்லை. ஜூன் மாதத்தோடு கமிட்டி மாறிவிட்டது, பெயர்ப் பட்டியல் பழைய செயலாளரின் கார் டிக்கியில் கிடந்தது, புதியவர்கள் “அது போன வருஷத்து வேலை” என்றார்கள், அவ்வளவுதான். கடைசியில் அந்தப் பள்ளியின் கேண்டீன் அக்காதான் சீட்டை வாங்கிக்கொண்டு டவுன் கண்ணாடிக் கடைக்குப் போனார். முதலாளியிடம் பேசிப் பாதி விலைக்கு இறக்கி, மீதியைத் தவணையில் கட்டினார். அந்தப் பையனோடு இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுத்தார். அவர் எந்தக் கிளப்பிலும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அந்த கேண்டீன் அக்கா கிளப்புக்குள் இருந்திருக்க வேண்டும். கிளப்பில் பணம் இருக்கிறது, தெரிந்த டாக்டர் இருக்கிறார், வேன் இருக்கிறது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவரும், இரண்டாம் முறை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவரும்தான் இல்லை. நான் போய் என்ன செய்வேன் என்று கேட்டீர்களே, இந்த இரண்டு வேலைதான்.

உங்கள் வேலையையே பாருங்கள். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டுக் காலியாகப் போகும்போது ஓர் எடை. இரண்டும் இல்லாமல் கணக்கு எழுத மாட்டீர்கள். கிளப்பிலும் அதையே கேளுங்கள். எத்தனை பிள்ளைகளைச் சோதித்தோம் என்பது முதல் எடை. எத்தனை பிள்ளைகளின் மூக்கில் கண்ணாடி ஏறியது என்பது இரண்டாவது.

லயன்ஸ் கிளப்புக்கும் கண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 1917-இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதிக்காரர் தொடங்கிய இயக்கம் அது. 1925-இல் அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வை இல்லாதவர்களுக்காக நீங்கள் களம் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண் சம்பந்தப்பட்ட சேவை அவர்களின் முக்கிய வேலையாகிவிட்டது. பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்தது 1987-இல்தான். ஆக, உங்களைப் போன்ற ஒருவர் நுழைய 70 வருடம் பிடித்திருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று யோசிக்க வேண்டாம்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். கூட்டத்தின் ஆரம்பமும் அறிக்கை வாசிப்பும் ஆங்கிலத்தில் இருக்கலாம். நம் ஊர்களில் அது முடிந்ததும் பாதிப் பேச்சு மலாய்க்குத் தாவிவிடும். நீங்கள் தினமும் லாரிக்காரர்களிடம் பேசுகிற மலாய் போதும். தோட்டத்துக்குள் போய்விட்டால் அந்தக் கடை முதலாளிகள் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லைன் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவே இல்லாமல் வளர்ந்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டிமார் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி காலம், கூடப் பிறந்தவர்கள் யார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதத் தமிழ் வேண்டும். அப்புறம் பதிவுத் துறைக்குக் கூடவே போய் நிற்க வேண்டும். ஒன்று மட்டும், “வாங்கித் தந்துவிடுகிறேன்” என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். “கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். புதிதாகப் பிள்ளை பெற்ற வீடுகளில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியச் சொல்லிவிட்டு வாருங்கள். இந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அந்தப் பாட்டிகளின் பெற்றோருக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

சந்தா விஷயத்தைச் சேர்வதற்கு முன்பே உங்கள் தோழியிடம் கேட்டுவிடுங்கள். சேரும்போது ஒரு தொகை உண்டு. வருடச் சந்தாவில் ஒரு பங்கு அனைத்துலகத் தலைமையகத்துக்கும் ஒரு பங்கு மாவட்டத்துக்கும் போகும். கையைக் கடிப்பது பெரும்பாலும் சந்தா இல்லை, விருந்து டிக்கெட், சட்டை, அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு இதெல்லாம்தான். “மாதம் இவ்வளவுதான் என்னால் முடியும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடன் வாங்கிச் சேவை செய்ய வேண்டாம். கட்டுப்படியாகவில்லை என்றால் செம்பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ இருக்கிறது, மகளின் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லயன்ஸ் கிளப்புகளில் இரண்டு கணக்கு தனித்தனியாக இருக்க வேண்டும். உறுப்பினர் சந்தா நிர்வாகச் செலவுக்கு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும், அதிலிருந்து கிளப் விருந்துக்கு ஒரு வெள்ளிகூட எடுக்கக் கூடாது. கணக்குப் பார்த்தே பழகியவர் நீங்கள், உங்கள் கண்ணில் தப்பாது. கூட்டத்தில் டெய்ல் ட்விஸ்டர் என்று ஒருவர் எழுந்து, தாமதமாக வந்ததற்கும் பேட்ஜ் குத்தாததற்கும் சிறு அபராதம் கேட்பார். மிரண்டுவிடாதீர்கள், அது கலகலப்புக்காக அவர்கள் வைத்திருக்கும் வழக்கம்.

சரி, கோயில். அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சேவை என்பது நம் தோட்டங்களுக்கு வெளியிலிருந்து வந்த சங்கதியும் இல்லை. 1940-களில் கெடா பீடோங் பக்கம், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையைப் பற்றி உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். பால்வெட்டுத் தொழிலாளிகள்தான் ஒன்றுகூடிக் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தனும் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை, தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளிகளின் சிறு சேமிப்பை நம்பித்தானே ஆரம்பித்தார்?

உங்கள் கணவரைக் கிளப்புக்குக் கூப்பிட வேண்டாம். கிளப்பைக் கோயிலுக்குக் கூப்பிடுங்கள். கோயில் மண்டபத்தில் ஒரு ரத்ததான முகாம் வையுங்கள். மண்டபமும் சாப்பாடும் கோயில் பார்த்துக்கொள்ளட்டும், மருத்துவமனை ஏற்பாட்டைக் கிளப் பார்த்துக்கொள்ளட்டும். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஆரோக்கியமாக இருக்க வேண்டும். முந்தின இரவு 5 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். உங்கள் கணவரே முதல் ஆளாகக் கையை நீட்டினால் கோயில் இளைஞர்கள் பின்னால் வந்துவிடுவார்கள். மகளுக்கும் ஆசை வந்தால், 12 வயதிலிருந்து 30 வயது வரை உள்ளவர்களுக்கு லியோ கிளப் இருக்கிறது.

அடுத்த மாதம் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, இரண்டு மூன்று கூட்டம் பாருங்கள். கைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேநீர் இடைவேளையில் செயலாளரிடம், தமிழோ மலாயோ வருகிற மொழியில், ஒன்று மட்டும் கேளுங்கள்: “போன வருஷம் கண் சோதிச்ச பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குக் கண்ணாடி போய்ச் சேர்ந்துச்சு?” அவர் எண்ணைச் சொன்னால் சந்தோஷம். தெரியவில்லை என்றால் அந்தப் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா