நகையை அடகு வைத்து உரம் வாங்கி அடுக்கலாமா?

கேள்வி: பொன்னேரி பக்கம் நான்கு ஏக்கரில் நெல் பயிரிடுகிறோம். தை பிறந்ததும் நவரைப் பருவ நடவு, அதன் பின் சொர்ணவாரிப் பருவம். உர விலை ஏறப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர், இரண்டு பட்டத்துக்கும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி டிஏபி (மணிச்சத்தும் தழைச்சத்தும் தரும் உரம்) 12 மூட்டை, யூரியா 20, பொட்டாஷ் 6, அவற்றோடு நானோ யூரியா (தெளிக்கும் திரவம்), வயலில் போடும் குருணை எனச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாயைத் தொடுகிறது. நகையை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்து வாங்கலாமா? அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லும் கடனில் எடுக்கலாமா? போன பட்டத்தில் மீந்த யூரியா ஒரு மூட்டை கட்டிப்பட்டுக் கிடக்கிறது, அதைப் போடலாமா?

பதில்: அம்மா, நகையை அடகு வைக்க வேண்டாம். கடைக்காரரின் கடனும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை உங்கள் நான்கு ஏக்கரின் கணக்கிலேயே சொல்கிறேன்.

உங்கள் பகுதிக்குக் குறுகிய கால நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் பொது அளவு, எக்டருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 40 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 40 கிலோ. ஏக்கருக்கு இது 48, 16, 16 என்று வரும். இதை மூட்டைக் கணக்கில் பார்த்தால், நான்கு ஏக்கருக்கு டிஏபி 3 மூட்டை, யூரியா 8 மூட்டை, பொட்டாஷ் 2 மூட்டையும் அதற்கு மேல் ஒரு சில கிலோவும்தான். இரண்டு பட்டத்துக்கும் சேர்த்தால் டிஏபி 6, யூரியா 16, பொட்டாஷ் 4. சீட்டில் டிஏபி இதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. அச்சிட்ட விலையில் ஒரு பட்டத்துக்கு டிஏபி 4,050 ரூபாய், யூரியா 2,132 ரூபாய். பொட்டாஷ் மூட்டையை 1,700 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,400 ரூபாய். ஆக, ஒரு பட்டத்து உரச் செலவு பத்தாயிரத்துக்குள், இரண்டு பட்டத்துக்கும் இருபதாயிரத்துக்குள் முடிகிறது. மீதி இருபதாயிரம் உங்கள் பயிருக்கு அல்ல, கடைக்காரரின் விற்பனைக்கு. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். ஆண்டாண்டாக டிஏபி போட்டு வந்த நிலங்களில் மணிச்சத்து ஏற்கெனவே போதிய அளவு தேங்கியிருப்பதும், பரிந்துரை இதைவிடக் குறைவதும் உண்டு.

அடுத்தது விலை ஏறும் என்ற பயம். தொலைக்காட்சியில் சொல்லும் விலை கப்பலில் வந்திறங்கும் சரக்கின் விலை. நீங்கள் கொடுக்கும் விலை அதுவன்று. யூரியாவின் விலையை அரசே நிர்ணயிக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2021, 2022-இல் உலகச் சந்தையில் யூரியா பல மடங்கு ஏறியபோதும் இந்த விலை அசையவில்லை. வித்தியாசம் முழுவதையும் மானியம் ஏற்றது. ஆகவே விலைக்குப் பயந்து யூரியாவை முன்கூட்டி வாங்க எந்தக் காரணமும் இல்லை. டிஏபியின் கதை சற்று வேறு. 2010-இல் வந்த ஊட்டச்சத்து அடிப்படையிலான மானிய முறையில் அரசு கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம் அறிவிக்கிறது, விற்பனை விலையை நிறுவனம் வைக்கிறது. ஆனால் 2021-இல் நிறுவனங்கள் டிஏபி மூட்டையை 1,900 ரூபாய் என்று உயர்த்தியபோது எழுந்த எதிர்ப்பில் அரசு மானியத்தைக் கூட்டி அதை 1,200 ரூபாய்க்கே கொண்டுவந்தது. 2022-இல் அது 1,350 ஆனது, அதன் பின் சந்தை ஏறியபோதும் தனிச் சலுகை கொடுத்து அந்த விலையையே பிடித்துவைத்தார்கள். எனவே டிஏபியில் உங்களுக்குள்ள ஆபத்து விலை அல்ல, கிடைக்காமல் போவது. பொட்டாஷும், பல சத்துகள் சேர்ந்த காம்ப்ளக்ஸ் உரங்களும்தான் உண்மையாகவே விலை ஏறி இறங்குபவை.

கிடைக்காமல் போவது ஏன் என்பதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் உங்கள் சொர்ணவாரி சரியாக அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. மானிய விகிதம் ஏப்ரல் 1 முதலும் அக்டோபர் 1 முதலும் மாற வேண்டும். 2022-இல் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செல்ல வேண்டிய விகிதத்தை மத்திய அமைச்சரவை ஏப்ரல் 27-இல் ஒப்புக்கொண்டது. 2023-இல் மே 17-இல் ஒப்புக்கொண்டது. எவ்வளவு மானியம் கிடைக்கும் என்று தெரியாமல் எந்த நிறுவனம் கப்பலுக்குப் பணம் கட்டும்? பின்தேதியிட்டு மானியம் வந்துவிடும் என்பது கோப்புக்குச் சரியாக இருக்கலாம். ஏப்ரலில் நாற்று விட்டு மே மாதத்தில் நடவு நடும் செங்கல்பட்டு, திருவள்ளூர் விவசாயிக்கு, நடவின்போது போட வேண்டிய அடியுரம் பின்தேதியிட்டு வராது. மணலியில் யூரியா ஆலை இருக்கிறது, எண்ணூரில் பாஸ்பேட் உர ஆலை இருக்கிறது, துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கிறது. உர லாரிகள் உங்கள் ஊர்ச் சாலை வழியாகவே போகின்றன. ஆனாலும் எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு என்பது ஒதுக்கீட்டின்படிதான் நடக்கிறது, அந்த ஒதுக்கீடு பயிரின் நாட்காட்டியைப் பார்த்துப் போடப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. 2024-இல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி வர நேர்ந்தபோது டிஏபி வரத்து தாமதமானதை எல்லோரும் பார்த்தோம்; அந்த ஆண்டும் கடைசி விவசாயிக்கு முன்கூட்டி உண்மையைச் சொன்னவர் யாரும் இல்லை.

ஆகவே எப்போது வாங்குவது? நவரைக்கான டிஏபி மூன்று மூட்டையை நடவுக்கு நான்கு வாரம் முன்னதாக, அதாவது மார்கழி பிறக்கும்போது வாங்குங்கள். டெல்டாவில் சம்பா, தாளடிக்கு அடியுரத் தேவை அதற்குள் தணிந்துவிடும். சொர்ணவாரிக்கான மூன்று மூட்டையை மார்ச் மாதம் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள், ஏப்ரலுக்குத் தள்ள வேண்டாம். டிஏபி முழுவதும் அடியுரம். நட்டு இருபது நாள் கழித்து மேலே தூவுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். யூரியாவில் ஒரு மூட்டை அடியுரத்துக்குப் போதும், ஏனெனில் டிஏபியிலேயே 18 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. மீதி ஏழையும் தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என மூன்று தவணையாகப் போட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தவணைக்கும் பத்து நாள் முன்பு வாங்கினால் போதும். உங்கள் பகுதியின் கடற்காற்றில் யூரியா மூட்டையை மாதக்கணக்கில் வைத்திருப்பது நல்லதல்ல.

டிஏபி கிடைக்கவே இல்லை என்றால் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரு மூட்டை டிஏபிக்கு ஈடு, சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டையும் யூரியா 20 கிலோவும். மூட்டை தூக்கும் கூலி கூடும், ஆனால் சூப்பரில் கந்தகச் சத்தும் சேர்ந்து வரும்.

முன்கூட்டி வாங்குவது லாபமாகும் ஓர் இடம் உண்டு, அது பொட்டாஷ். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டு எல்லா உரத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். நாம் போடும் பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவது. ரஷ்யா, பெலாரஸ் பக்கம் சிக்கல் வந்தபோது 2022-இல் மூட்டை 1,700 ரூபாய் வரை ஏறியது, பிறகு இறங்கவும் செய்தது. புதிய சரக்குக்குப் புதிய விலையை அச்சிடுவார்கள். பழைய சரக்கைப் பழைய விலைக்குத்தான் விற்க வேண்டும். இரண்டு விலை மூட்டைகளும் ஒரே கடையில் நிற்கும் சில வாரங்கள் வரும். அப்போது பழைய விலை மூட்டையைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம், அதுவும் நான்கு நிபந்தனைகளோடு. பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும், வட்டிப் பணமாக இருக்கக் கூடாது. ஓராண்டுக்குள் போடப்போகும் அளவாக, உங்களுக்கு நான்கு மூட்டைக்கு மிகாமல், இருக்க வேண்டும். ஈரம் ஏறாத அறையில், மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க இடம் வேண்டும். நான்காவது நிபந்தனை, வைக்கோலை என்ன செய்கிறீர்கள் என்பது: நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது, வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுபவருக்குப் பொட்டாஷ் தேவை குறையும், மாட்டுக்கு விற்றுவிடுபவருக்குக் குறையாது. இந்த நான்கும் பொருந்தி, மூட்டைக்கு 300 ரூபாய் ஏறினாலும்கூட, நான்கு மூட்டையில் உங்களுக்கு மிஞ்சுவது 1,200 ரூபாய். இப்போது நகையைப் பாருங்கள்: 40,000 ரூபாய்க்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 800 ரூபாய், நவரை அறுவடை முடிந்து மீட்பதற்குள் ஐந்து மாதத்தில் 4,000 ரூபாய். 1,200 ரூபாயை மிச்சப்படுத்த 4,000 ரூபாய் கொடுக்கச் சொல்கிறது அந்தச் சீட்டு.

அதைவிட மோசமானது அறுவடைக் கடன். உரம் கொடுப்பவரே நெல்லும் எடுப்பவராக இருந்தால், கடனுக்கு வட்டி இல்லை என்பதை நம்பாதீர்கள். வட்டி இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது: உர மூட்டையின் கடன் விலையில் ஒன்று, களத்தில் உங்கள் நெல்லுக்கு அவர் வைக்கும் விலையில் மற்றொன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையை ஏற்றும் உரிமையையே அந்தக் கடன் உங்களிடமிருந்து பறித்துவிடுகிறது. பணம் இல்லையென்றால் போக வேண்டிய இடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். உறுப்பினராக இருந்தால் பயிர்க்கடன் கேளுங்கள். குறித்த காலத்தில் திருப்பினால் வட்டி கிடையாது, கடனின் ஒரு பகுதியை உரமாகவே கொடுப்பார்கள். அங்கே "இன்னும் சரக்கு வரவில்லை" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இருப்பதை அறிவேன். வட்டிக்கடைக்கு மாற்றாக அமைக்கப்பட்ட சங்கம், நடவு நேரத்தில் சரக்கில்லாமல் உட்கார்ந்திருந்தால் விவசாயியை அந்த வட்டிக்கடைக்கே அனுப்பிவைக்கிறது என்பதை மேலே இருப்பவர்கள் இன்னும் உணரவில்லை. உழவன் செயலியில் எந்தக் கடையில் எவ்வளவு உரம் இருப்பு என்று பார்க்கலாம். செயலி இருக்கிறது என்கிறது, கடைக்காரர் இல்லை என்கிறார் என்றால், சரக்கு மறைக்கப்பட்டிருக்கலாம் அல்லது வாங்குபவரின் கைரேகைப் பதிவு இல்லாமல் வெளியே போயிருக்கலாம்.

கைரேகை என்றதும் ஓர் எச்சரிக்கை. உரக்கடையில் விற்பனையைப் பதியும் பிஓஎஸ் இயந்திரத்தில் உங்கள் ஆதார் எண்ணில் எத்தனை மூட்டை ஏற்றப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டு விரலை வையுங்கள். ஐந்து மூட்டை வாங்கியவர் பெயரில் பதினைந்து மூட்டை எழுதி, மீதி மானிய யூரியாவை பிளைவுட் பசைக்கும் வேறு தொழில்களுக்கும் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். கடத்தலைத் தடுக்கவும்தான் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கினார்கள். ஆனாலும் விரலைக் கொடுப்பவர் கவனமாக இல்லாவிட்டால் எந்தப் பூச்சும் காக்காது. சர்வர் வேலை செய்யவில்லை, விரலை மட்டும் வைத்துவிட்டு நாளைக்கு வந்து மூட்டையை எடுங்கள் என்றால் வைக்காமல் திரும்பி வாருங்கள். பில் இல்லாமல் ஒரு மூட்டையும் எடுக்காதீர்கள்.

சீட்டில் உள்ள நானோ யூரியாவையும் குருணையையும் அடித்துவிடுங்கள். யூரியா வேண்டுமென்றால் இதையும் எடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது குற்றம். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன்படி கடையில் விலையும் இருப்பும் எழுதி வைக்க வேண்டும், அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது, பில் தர வேண்டும். கடைக்காரரைக் கேட்டால், மொத்த விற்பனையாளர் என் தலையில் கட்டினார், நான் உங்களிடம் தள்ளுகிறேன் என்பார். அது பல இடங்களில் உண்மைதான். ஆனால் மேலிருந்து கீழ் வரை ஒவ்வொருவரும் அடுத்தவர் மீது தள்ளி, கடைசியில் நான்கு ஏக்கர்க்காரர் தலையில் வந்து நிற்பதை ஆண்டுதோறும் சுற்றறிக்கையால் மட்டும் கண்டிக்கும் துறையை என்னவென்று சொல்வது? வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் ஒன்றில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்புகார் அன்று மாலையே கடைக்காரர் காதுக்குப் போய்விடும், கோப்பில் ஏறாது.

கடைசியாக, கட்டிப்பட்ட யூரியா. காற்றின் ஈரம் பட்டுக் கட்டியானதால் அதன் தழைச்சத்து போய்விடாது. உடைத்துச் சலித்து, எடைபோட்டுப் போடலாம். கட்டியோடு தூவினால் ஓரிடத்தில் பயிர் கருகும், மற்ற இடத்தில் பசி நிற்கும். மூட்டை நனைந்து ஒழுகியிருந்தால் ஒழுகிய அளவு சத்து போய்விட்டது என்று கொள்ளுங்கள். மீதியை எடைபோட்டு, எட்டு மூட்டைக் கணக்கில் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். உடைக்கும் வேலையை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் செய்யாதீர்கள், அந்தச் சாக்கைக் கழுவித் தவிடு கட்டவும் எடுக்காதீர்கள். யூரியாவை நக்கிய மாடு சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும்.